என் பெயரில் போகிறவள்

கிளாஸ்கோ
14 ஜூலை 1981

டிம்ப்னா,

மாலக்கி சாப்பாட்டை நிறுத்திவிட்டான் என்பதை நான் ரொட்டிக் கடையில் தெரிந்துகொண்டேன். கடைக்காரருக்குப் பின்னால் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. சிறையில் இறந்துபோனவரின் இடத்தில் இன்னொரு கைதி லண்டன் அரசுக்கு எதிரான உண்ணாவிரதத்தில் சேர்ந்திருப்பதாகச் சொல்லி, என் தம்பியின் பெயரையும் வயதையும் ஊரையும் வாசித்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண் சொன்னாள்: "இன்னொருத்தனா? கெடக்கட்டும் விடு. ஒரு ரொட்டி மிச்சம்." கடைக்காரர் சிரித்தார். நான் என் ரொட்டியை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நன்றி என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் என் பேச்சில் ஊர் தெரியாது. நூலகத்தில் என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கு எனக்கு ஒரு தம்பி இருப்பதே தெரியாது.

ஆறுதல் தேடி இதை எழுதவில்லை. ஒன்று கேட்க எழுதுகிறேன். உனக்கு எப்போதிலிருந்து தெரியும்?

ஒருவன் இதற்குப் பெயர் கொடுப்பது ஒரு மாலையில் தோன்றி மறுநாள் நடக்கிற காரியம் அல்ல. அவன் உன்னிடம் சொல்லியிருப்பான். மாதத்துக்கு ஒரே ஒரு சந்திப்பு. அந்த ஒன்றையும் நான் உனக்கு விட்டுக்கொடுத்தேன். "நீ கடல் தாண்டி வரணும் அக்கா, டிம்ப்னா பஸ் ஏறுனா வந்துடுவா" என்று அவன் சொல்லி அனுப்பினான். நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டேன். மாதாமாதம் நீ அவன் எதிரில் உட்கார்ந்திருக்கிற அந்த அரைமணி நேரத்தை இங்கே அட்டவணைச் சீட்டுகளை அடுக்கியபடி நான் நினைத்துக்கொள்வேன். இப்போது அவன் உன் கையைப் பிடித்திருப்பான், இப்போது மணி அடித்திருக்கும் என்று.

கன்னிமாடத்துப் பள்ளியில் நீ என் பெஞ்சில் உட்கார்ந்தவள். கணக்குப் போட எங்கள் வீட்டுக்கு வந்தவள். எந்த நாளில் கணக்கை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் தோழியும் என் தம்பியும் ஒரே நேரத்தில் என்னிடமிருந்து போனீர்கள். இருவரில் யார்மேல் பொறாமைப்படுவது என்று தெரியாமல்தான் நான் கிளாஸ்கோவுக்குக் கப்பல் ஏறினேன். இதை இதற்கு முன் உனக்குச் சொன்னதில்லை.

நேற்று சிறைப் பாதிரியார் நூலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அம்மா அப்பா இல்லாததால் சட்டப்படி நெருங்கிய உறவு நான். மாலக்கி நினைவிழந்தால் அவனுக்கு மருத்துவம் செய்யலாமா கூடாதா என்பதற்கு என் கையெழுத்துதான் கேட்பார்களாம். அவர் மெதுவாகத்தான் சொன்னார். எதிரில் ஒரு மாணவன் புத்தகத்தை நீட்டிக்கொண்டு நின்றான். "சரிங்க, சரிங்க" என்றே பேசி முடித்தேன்.

அவன் மனத்தில் இருப்பது உனக்குத் தெரியும். அவன் உயிர் என் பேனாவில் இருக்கிறது. தெரிந்ததை எனக்கு எழுது.

ஃபினோலா


டெரி
19 ஜூலை

ஃபினோலா,

முதல் முறை படித்தபோது கோபம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வந்தது. நான் மாலக்கியைக் கடைசியாகப் பார்த்தது பிப்ரவரியில்.

இதைத் தபாலில் போடவில்லை. என் மாமா மீன் லாரியோடு கப்பலில் ஸ்ட்ரான்ரார் துறைமுகத்துக்கு வருகிறார். அங்கிருந்து யாராவது உன்னிடம் சேர்ப்பார்கள். மீன் வாசம் அடித்தால் பொறுத்துக்கொள். படித்ததும் எரித்துவிடு.

மாதாமாதம் அவனைப் பார்க்கப் போகிற டிம்ப்னா மெக்கர்க் நான் இல்லை. அவள் பெயர் இமெல்டா, பெல்ஃபாஸ்ட்காரி.

மார்ச்சில் இயக்கத்து ஆட்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா டீ போட்டாள், இருந்த கேக்கை எல்லாம் எடுத்து வைத்தாள். மாலக்கி இருக்கிற பகுதியில்தான் கைதிகளின் தலைவரும் இருக்கிறார். அவருக்கும் வெளியே இருக்கிற தலைமைக்கும் நடுவில் சேதி போய்வர ஒரு வழி வேண்டுமாம். சேதி எப்படிப் போகிறது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். சிகரெட் சுற்றுகிற தாளில் எறும்பு எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக்கில் பொதிந்து, நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வது. சந்திப்பு தொடங்கும்போது ஒரு முத்தம், முடியும்போது ஒரு முத்தம். ஒன்றில் உள்ளே போகும், ஒன்றில் வெளியே வரும். காதலர்கள் என்றால் காவலர்கள் ஒரு நொடி வேறு பக்கம் பார்ப்பார்கள்.

நானே செய்கிறேன் என்றேன். என் காதலன், என் வாய். அதற்கு வந்தவர்களில் மூத்தவர் சொன்னார்: "உன் மூஞ்சி எதையும் மறைக்காது பொண்ணே. பொய் சொன்னா காது நுனி வரைக்கும் செவக்குற. உள்ள நுழையறதுக்குள்ள பிடிச்சிடுவான்." அது உண்மை என்று உனக்கே தெரியும். பரீட்சையில் நீ விடையைக் காட்டி நான் பார்த்து எழுதியபோது யார் முகத்தைப் பார்த்துச் சிஸ்டர் கண்டுபிடித்தாள்?

அதனால் என் பெயரை மட்டும் கேட்டார்கள். கொடுத்தேன். பெயர், பிறந்த தேதி, தெரு, அப்பா பெயர், தையல் ஆலையில் நான் சட்டைக் காலர் தைக்கிற வரிசை வரைக்கும் இமெல்டா மனப்பாடம் செய்தாள். என் வீட்டுச் சமையலறையில் என் எதிரில் உட்கார்ந்து என்னை ஒப்பித்தாள். இப்போது காவலர்களுக்கு டிம்ப்னா என்றால் அவள் முகம். நான் சிறை வாசலில் போய் நின்றால் நான்தான் போலி.

ஒவ்வொரு தடவை பார்த்துவிட்டு வந்ததும் என்னிடம் வருவாள். "நல்லா இருக்கான், உன்ன விசாரிச்சான்" என்பாள். என்ன வார்த்தையில் விசாரித்தான் என்று கேட்டால், "வாயில பொட்டலம் இருக்கு, வார்த்தைக்கு எங்கடி எடம்?" என்கிறாள். அவளுக்கு அது வேடிக்கை. ஆலையில் மிஷினை மிதித்துக்கொண்டே நான் அந்த வேடிக்கையை நாள் முழுதும் தைக்கிறேன்.

அவன் பெயர் கொடுத்தது எனக்கும் வானொலியில்தான் தெரியும். ஆலையில் எல்லோரும் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஏற்கெனவே தெரிந்தவள் மாதிரி தலையை ஆட்டினேன். நீயாவது யாருக்கும் தெரியாத ஊரில் அவமானப்பட்டாய்.

நீ அக்கா. உன் முகம்தான் உன் பெயர். உன்னை யாராலும் தடுக்க முடியாது. போய்ப் பார். பார்த்ததை எல்லாம் எழுது. அவன் கைகள் எப்படி இருக்கின்றன என்று எழுது.

டிம்ப்னா


கிளாஸ்கோ
4 ஆகஸ்ட்

டிம்ப்னா,

போய்வந்தேன். கைகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். மணிக்கட்டு சிறுத்துவிட்டதால் கைகள் முன்னைவிடப் பெரிதாகத் தெரிகின்றன, வேறு யாருடைய கையுறையையோ மாட்டிக்கொண்டதுபோல. தொட்டால் குளிர்ச்சி. நகங்களை யாரோ ஒழுங்காக வெட்டிவிட்டிருக்கிறார்கள்.

சிறை மருத்துவமனையில் தனி அறை. மாதம் ஒரு சந்திப்பு என்ற கணக்கு அங்கே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை, அதன்மேல் ஒரு தட்டு. வறுத்த மீன், உருளைக்கிழங்கு, பட்டாணி, எல்லாவற்றிலிருந்தும் ஆவி பறந்தது. வேளாவேளைக்குப் பழையதை எடுத்துப் புதியதை வைப்பார்களாம். "இவ்வளவு சூடா இதுக்கு முன்னாடி எனக்குச் சாப்பாடே குடுத்ததில்ல அக்கா" என்றான். நான் அந்தத் தட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

என்னை அழைத்துப் போன காவலர் வயதானவர். பேச்சுக்கொடுக்கிற சுபாவம். "நேத்துதான் இவரக் கட்டிக்கப்போற பொண்ணு வந்துட்டுப் போச்சு, டிம்ப்னா. நல்ல உயரம், கலகலன்னு பேசும். பாவம்" என்றார். மாலக்கி புன்னகைத்தான். அந்தப் புன்னகை காவலரை ஏமாற்றிய மகிழ்ச்சியா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பத்தியை அடித்துவிடலாம் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் எழுது என்றவள் நீ.

அப்புறம் அவன் என்னைக் குனியச் சொன்னான். தன் உடைகளை உடுத்துவதற்கும், குற்றவாளி என்று அழைக்கப்படாமல் இருப்பதற்கும் இது ஒன்றுதான் வழி என்று எனக்கு விளக்க முயலவில்லை. அதற்காக நான் நன்றியோடு இருக்கிறேன். விளக்கியிருந்தால் வாதாடியிருப்பேன், வாதத்தில் நான் ஜெயித்தும் இருப்பேன், அதனால் ஒரு பயனும் இருந்திருக்காது. "நான் மயங்கினதும் உங்கிட்டதான் வருவாங்க. கையெழுத்து போடாத" என்றான். போர்வையை அவன் தோள்வரை இழுத்துவிட்டேன். "சரின்னு சொல்லு" என்றான். சரி என்று சொன்னேன்.

"டிம்ப்னாகிட்ட கேட்டா அழுவா. நீ அழமாட்ட. அதான் உங்கிட்ட கேக்குறேன்."

அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பயம் இல்லை. பெருமை. உன்னிடம் கேட்காத ஒன்றை என்னிடம் கேட்டுவிட்டான் என்ற பெருமை. கப்பலில் திரும்பி வரும்போதுதான் அவன் கேட்டது எது என்பதே எனக்கு உறைத்தது. தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். பக்கத்தில் நின்றவர் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஃபினோலா


டெரி
12 ஆகஸ்ட்

ஃபினோலா,

நல்ல உயரம். கலகலப்பு. எழுதியதற்கு நன்றி.

நானும் ஒன்று சொல்கிறேன். சிறைப் பாதிரியாரிடம் போய், எங்களுக்கு உள்ளேயே கல்யாணம் செய்துவைக்கச் சொன்னேன். சிறையில் கல்யாணம் நடக்காததா? மனைவி வந்துவிட்டால் அக்காவின் கையெழுத்து செல்லாது. உன் கையிலிருந்து அந்தப் பேனாவைப் பிடுங்க நினைத்தேன். கோபித்துக்கொள், பரவாயில்லை.

பாதிரியாருக்குச் சம்மதம். மார்ச்சில் வந்த அதே இரண்டு பேர் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை அம்மா வெறும் டீதான் கொடுத்தாள். "ரெண்டு டிம்ப்னா வந்து நின்னா அந்த வழி அடைஞ்சுபோகும். தலைவர் இப்ப அவனப் பாக்க ஆஸ்பத்திரிக்கே வந்துபோறாரு. இப்ப இருக்குற நெலமையில அத அடைக்க முடியாது" என்றார் மூத்தவர். அப்படியானால் இமெல்டாவையே அவனுக்குக் கட்டி வையுங்கள், காவலர்கள் அரிசி தூவட்டும் என்றேன். இளையவன் சிரித்துவிட்டான். மூத்தவர் முறைத்தார். அவ்வளவுதான் என் கல்யாணப் பேச்சு.

சனிக்கிழமை பங்கு மண்டபத்துச் சமையலறையில் இமெல்டாவைப் பிடித்தேன். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எத்தனை நேரம் முத்தமிடுகிறாய் என்று நேராகவே கேட்டேன். கத்தியைக் கீழே வைத்தாள். அப்புறம் பேச்சு முற்றியது. அவளுக்கு ரோஷம் வந்து ஒன்றைச் சொல்லிவிட்டாள். சொன்ன அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் சொன்னதை உனக்கு எழுதமாட்டேன். அவனைப் பார்க்கிற உரிமை உன்னிடம், கையெழுத்து உன்னிடம், அவன் கேட்ட சத்தியம் உன்னிடம். இது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும்.

தெருவில் கறுப்புக் கொடிகள் இறங்கவே இல்லை. ஒருவருக்குக் கட்டியதை அவிழ்ப்பதற்குள் அடுத்தவர். பெண்கள் குப்பைத்தொட்டி மூடியை நடைபாதையில் தட்டுகிற சத்தம் கேட்டால் இன்னொருவர் போய்விட்டார் என்று அர்த்தம். எங்கள் வீட்டு மூடியை நான் கொல்லையில் ஒளித்துவைத்திருக்கிறேன்.

டிம்ப்னா


பெல்ஃபாஸ்ட்
30 ஆகஸ்ட்

டிம்ப்னா,

நூலகத்தில் விடுப்பு எடுத்துவிட்டு இங்கே அப்பாவின் தங்கை வீட்டில் தங்கியிருக்கிறேன். மாலக்கிக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறான்.

நீ எனக்கு எழுதாததைத் தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஒரு பாதிரியார் உண்ணாவிரதக் கைதிகளின் குடும்பங்களைக் கூட்டியிருந்தார். வெளித் தலைமையிலிருந்து ஒருவரும் வந்திருந்தார், நல்ல கம்பளிச் சட்டை போட்டு, மரியாதையாக. அதில் ஒரு தாய் எழுந்தாள். அவள் மகன் கோடையில் இறந்தவன். அவள் கத்தவில்லை. தக்காளி விலை விசாரிக்கிற குரலில் கேட்டாள்: "என் பையன் போறதுக்கு முன்னாடி லண்டன்லேருந்து ஒரு பேரம் வந்துச்சா, வரலியா? அத மட்டும் சொல்லு தம்பி."

"பேச்சு வந்துச்சும்மா. கையெழுத்து வரல."

"உள்ள இருந்த பிள்ளைங்க என்ன சொன்னாங்க?"

அவர் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டே நீண்ட பதில் சொன்னார். ஒரு நடுவர் வழியாகத்தான் எல்லாம் வந்ததாம், லண்டன் எப்போது வேண்டுமானாலும் மறுத்திருக்குமாம், முந்தைய உண்ணாவிரதத்தில் ஏமாந்ததை மறக்க முடியாதாம், பாதி வாங்கிக்கொண்டு நிறுத்தினால் இறந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வதாம். ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டால் சரியாகத்தான் இருந்தது. அந்தத் தாய் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது, அவருக்குத் தவிர.

டீ ஊற்றும் இடத்தில் உயரமான ஒரு பெண் என்னிடம் கோப்பையை நீட்டினாள். இமெல்டா என்று சொல்லாமலே தெரிந்துகொண்டேன். அழகிதான், டிம்ப்னா. ஆனால் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வீங்கியிருக்கிறது, உதடு வெடித்திருக்கிறது. அந்த முத்தங்களில் அவள் எதையும் அனுபவித்ததாக எனக்குத் தோன்றவில்லை. "பேரத்தைப் பத்தி உங்களுக்கு டிம்ப்னா சொல்லலியா?" என்றாள். "கோவத்துல அவகிட்ட உளறித் தொலைச்சேன். அக்காவுக்குக் கட்டாயம் சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

அவளே எனக்கும் சொன்னாள். ஜூலைத் தொடக்கத்தில் லண்டன் பேரத்துக்கு உள்ளிருந்து ஒரு 'சரி'யை வெளியே கொண்டுவந்ததாக. அவசரமென்று கேட்டு வாங்கிய இன்னொரு சந்திப்பில், வெளியிலிருந்து ஓர் 'இல்லை'யை உள்ளே கொண்டுபோனதாக.

என் தம்பியின் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு சேதியை, என்னிடம் இல்லாதது ஒன்று உன்னிடம் இருக்கட்டும் என்று பெட்டியில் பூட்டி வைத்திருந்தாய். உன்மேல் எனக்கு வந்த கோபத்தை நான் எழுதப்போவதில்லை. எனக்கு அதைவிட வலித்த வேறொன்று இருக்கிறது.

மறுநாள் அவனிடம் போனேன். காதருகே குனிந்து கேட்டேன். "சரின்னு சொன்னதுக்கு இல்லைன்னு பதில் வந்துச்சாமே. உனக்குத் தெரியுமா?" அந்த வழியே அவன் வாய்தான் என்பது அதைக் கேட்கும்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த 'இல்லை'யை முதலில் நாக்கில் வாங்கித் தலைவரிடம் கொடுத்தவன் அவன். அதற்குப் பிறகுதான் பெயர் கொடுத்திருக்கிறான்.

கண்களை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டானோ என்று நினைத்தேன். பிறகு சொன்னான்: "டிம்ப்னாகிட்ட சொல்லாத."

பத்திரிகைக்குச் சொல்லாதே என்றிருக்கலாம். ஊருக்குச் சொல்லாதே என்றிருக்கலாம். சாவதற்கு முன் ஒருவன் ஒரே ஒருவரை ஒரு வேதனையிலிருந்து காப்பாற்ற நினைக்கிறான், அந்த ஒருவர் நீ. நான் தாங்குவேன் என்று அவனுக்குத் தெரியும். தாங்குகிறவர்களை யாரும் காப்பாற்றுவதில்லை.

சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன். உனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் அது துரோகம் ஆகாது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

ஃபினோலா


டெரி
3 செப்டம்பர்

ஃபினோலா,

இதையும் மாமா லாரியில்தான் அனுப்புகிறேன். உன் கடிதத்தில் 'டிம்ப்னாகிட்ட சொல்லாத' என்ற அந்த ஒரு வரியை மட்டும் பலமுறை படித்தேன். நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். எனக்கு ஏழு மாதத்தில் அவனிடமிருந்து வந்த முதல் சொந்த வார்த்தை அது. இமெல்டா கொண்டுவராத வார்த்தை. உன்னைக் குத்திக்கொண்டு நீ கொண்டுவந்தாய். இதைப் படித்து உனக்கு இன்னும் வலிக்கும் என்று தெரிந்தும் எழுதுகிறேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது.

உனக்குச் சொல்லாமல் விட்டது தப்பு. ஆனால் நான் அதை நம்பவும் விரும்பவில்லை. அது உண்மையென்றால் என் பெயரை எதற்குக் கொடுத்தேன்? எதற்காக வாசலுக்கு வெளியே நின்றேன்? என் அண்ணன் யூனனிடம் கேட்டேன். சாப்பாட்டு மேசையில் முட்டைக்கோஸ் தட்டை அப்படியே தள்ளிவிட்டான். "அது 'சரி' இல்ல, 'இதுல பேசுறதுக்கு எடம் இருக்கு'ன்னு ஒரு வரி. அத 'சரி'ன்னு திரிச்சுப் பரப்புறது லண்டன் வேல. இமெல்டா படிச்சாளா? பொட்டலத்த நாக்குல வெச்சிருந்தவளுக்கு உள்ள என்ன எழுதியிருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றான். வெளியே அதை வாங்கிப் படித்தவர் மேசையில் குத்திவிட்டு "ஒத்துக்கிட்டாங்களே" என்று சொன்னதை அவள் காதால் கேட்டிருக்கிறாள் என்றேன். "கேட்டாளா, கேட்டதா நெனச்சாளா?" என்றான். அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள். யூனனும் நானும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. இந்த ஊர் இன்னும் எத்தனை வருஷம் இப்படி மேசைக்கு மேசை பிரிந்து கிடக்கப்போகிறதோ. நாம் கிழவிகளான பிறகும் இதைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.

யார் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். அந்தப் பேனா என்னிடம் இருந்தால் நான் யோசிக்கமாட்டேன்.

கையெழுத்துப் போடு, ஃபினோலா.

அவன் எழுந்ததும் கேட்பான். நான் சொல்கிறேன். நான்தான் கெஞ்சினேன், என் தொல்லை தாங்காமல்தான் அக்கா போட்டாள் என்று சொல்கிறேன். தெருவும் என்னைத் திட்டட்டும். ஆலையில் இப்போதே என் பக்கத்து மிஷின்காரி எனக்கு நூல் எடுத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். நீ திரும்பிக் கப்பல் ஏறிவிடுவாய். நான் இங்கேயே இருப்பவள், நான் தாங்கிக்கொள்கிறேன். தாங்குகிறவள் நீ மட்டும் என்று நினைக்காதே.

டிம்ப்னா


பெல்ஃபாஸ்ட்
10 செப்டம்பர்

டிம்ப்னா,

போட்டுவிட்டேன்.

காலையில் அழைத்தார்கள். அவனுக்கு நினைவு தப்பியிருந்தது. மருத்துவர் இளைஞர், என் கண்ணைப் பார்க்கவில்லை. மேசைமேல் தாளை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். பெயரை எழுதினேன். லாவரி என்ற குடும்பப் பெயரை எழுதும்போது இது அவனுடைய பெயரும் அல்லவா என்று தோன்றியது. அதற்குள் முடிந்துவிட்டது.

உன்னுடைய வாக்குறுதிக்காகப் போடவில்லை. பேரம் உண்மையா பொய்யா என்பதற்காகவும் போடவில்லை. அவன் தெரிந்தே போனான். நான் தெரிந்தே தடுத்தேன். சரி என்று அவனிடம் சொன்ன நாக்கு என்னுடையது, அதைப் பொய்யாக்கிய கையும் என்னுடையது. இதில் யாருக்கும் பங்கு கொடுக்க முடியுமா என்று தெரியவில்லை. நீ கேட்டதால் கொடுத்துப் பார்க்கிறேன்.

வெளியே அவனை ஊர்தியில் ஏற்றும்போது ஒரு பெண் என்னைப் பார்த்து, "தூக்கம் வருமா உனக்கு?" என்று கேட்டாள். அவள் தம்பியும் உள்ளே இருக்கிறானாம். வராது என்றேன். அந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை.

அவனை ராணுவ மருத்துவமனைக்கு மாற்றுகிறார்கள். அங்கே இருக்கிற காவலர்கள் இமெல்டாவைப் பார்த்ததில்லை. நீ போகலாம்.

ஃபினோலா


டெரி
22 செப்டம்பர்

ஃபினோலா,

போனேன். வாசலில் ஒரு ராணுவச் சிறுவன், முகப்பரு இன்னும் ஆறாதவன், பெயரைக் கேட்டான். டிம்ப்னா மெக்கர்க் என்றேன். காது நுனி வரைக்கும் சிவந்துவிட்டது. என் சொந்தப் பெயரைச் சொல்வதற்கு! அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். திரும்பிவிடலாமா என்று இருந்தது. அப்புறம் போகச் சொன்னான்.

மாலக்கி தூங்கிக்கொண்டிருந்தான். நீ எழுதியபடியேதான் கைகள். உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். கண் விழித்தபோது யார் என்று கேட்டான், பார்வை இன்னும் முழுதாக வரவில்லை. டிம்ப்னா என்றேன். "எந்த டிம்ப்னா?" என்றான். நான் அழுததும் சிரித்தான். "இது நிஜம்தான்" என்றான்.

மூன்றாவது நாள்தான் கேட்டான். மருந்தின் மயக்கம் தெளிந்திருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டே, "யார் போட்டது?" என்றான்.

பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒப்பித்து வைத்திருந்த வாக்கியம், ஃபினோலா. இமெல்டா என்னை ஒப்பித்தாளே, அப்படி ஒப்பித்து வைத்திருந்தேன். நான்தான் கெஞ்சினேன், அக்காவை விடவில்லை என்று. அவன் விரல்கள் என் விரல்களுக்குள் இருந்தன. அதைச் சொன்னால் எடுத்துவிடுவான் என்று தோன்றியது.

"உன் அக்கா" என்றேன்.

"நீ தடுக்கலியா?"

நான் தலையை அசைத்தேன். எந்தப் பக்கம் அசைத்தேன் என்று எனக்கே தெரியாது. அவனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். என் கையை மட்டும் விடவில்லை.

இதை உனக்கு எழுதாமல் இருந்திருக்கலாம். உனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு தடவை உனக்கு மறைத்தது போதும். உன்னைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். உன் கடிதமும் வேண்டாமாம்.

டிம்ப்னா


கிளாஸ்கோ
27 செப்டம்பர்

டிம்ப்னா,

உன் கடிதத்தை நூலகத்தில் வேலை நேரத்தில் படித்தேன். தொடர்ந்து புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

நீ சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும். பேனாவைக் கையில் எடுத்தபோதே தெரியும். உன்னை நம்பிப் போடவில்லை என்று எழுதியிருந்தேனே, அது இதனால்தான். அவன் விரல்கள் என் விரல்களுக்குள் இருந்து, பதில் சொல்ல வேண்டியவள் நானாக இருந்திருந்தால், நானும் உன் பெயரைத்தான் சொல்லியிருப்பேன். கொஞ்சம்கூடத் தயங்கியிருக்கமாட்டேன். அதனால் மன்னிப்பு கேட்காதே. நீ கேட்கவும் இல்லை, கவனித்தேன்.

அந்தத் தாய் கேட்ட கேள்வி எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பேரம் வந்ததா, வரவில்லையா. நமக்குள்ளும் ஒன்று வந்தது. நீ ஒன்று தருவதாகச் சொன்னாய், நான் ஒன்று கொடுத்தேன், கையெழுத்து என் பக்கம் மட்டும்தான் இருந்தது. இதைப் பற்றி நாமும் கிழவிகளான பிறகு சண்டை போடலாம். அதற்கு இருவரும் உயிரோடு இருக்க வேண்டும், அவனும் இருக்க வேண்டும். இருக்கிறான்.

நீ அவனைக் கல்யாணம் செய்துகொள்வாய். உன் சொந்தப் பெயரில். அன்றைக்கு என்னை அழைக்காதே. அழைத்தால் வந்துவிடுவேன், அவன் திரும்பிக்கொள்வதைப் பார்க்க வேண்டியிருக்கும், நீ அவன் கையைப் பிடித்திருப்பதையும் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டாவதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அவன் என்னைப் பற்றி என்ன சொன்னான் என்று எழுதாதே. நல்லதாக இருந்தாலும் வேண்டாம், நீ அதைச் சற்று மாற்றி எழுதுகிறாயோ என்று தோன்றும். அவன் என்ன சாப்பிட்டான் என்று எழுது. ஒவ்வொரு வாரமும் எழுது. கஞ்சியா, முட்டையா, எத்தனை கரண்டி, முகம் சுளித்தானா, இன்னும் கேட்டானா. ஒன்றையும் விடாதே.

யார் ஊட்டியது என்று மட்டும் எழுதாதே.

ஃபினோலா